வாசகர் கேள்வி–பதில்: வீட்டை நாள் வாடகைக்கு விடும்போது

கேள்வி: யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்களுக்கு மேல்மாடி அறைகள் மூன்றை நாள் வாடகைக்கு விடுகிறோம். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்துவிட்டால் பிரதேச சபைக்குப் போகத் தேவையில்லை என்கிறார்களே?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அது பிழை. அதிகாரசபைப் பதிவு 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் வருவது. தங்குமிடம் நடத்தும் அனுமதிப்பத்திரத்தைக் கொடுப்பது பிரதேச சபை. உங்கள் வீடு நல்லூர்ப் பிரதேச சபைக்குள் வருவதால் முதலில் அங்கேதான் போக வேண்டும். சோலைவரிப் பற்றுச்சீட்டு, காணி உறுதிப் பிரதி, மேல்மாடிக்கு எடுத்த கட்டட அனுமதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 வரைதான் செல்லும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். கட்டிலையும் விரிப்பையும் விட அவர் கவனமாகப் பார்ப்பது கிணற்றையும் மலகூடக் குழியையும்தான். நான்கு பேர் இருந்த வீட்டுக்கு வெட்டிய குழியிலேயே மேல்மாடிக் குளியலறைக் குழாய்களையும் சேர்த்துவிடுவது இங்கே வழமை. திருவிழா 25 நாளும் பத்துப் பேர் தங்கினால் அந்தக் குழி தாங்காது. நம்முடைய நிலம் சுண்ணாம்புக் கல். கழிவுநீர் மண்ணில் வடிபட நேரமில்லாமல் கல்லின் வெடிப்புகள் வழியே நேரே கிணற்றுக்குப் போய்விடும், பக்கத்து வளவுக் கிணறும் தப்பாது. பரிசோதகர் வரமுன் நீங்களே நாடா பிடித்து, குழியிலிருந்து உங்கள் கிணற்றுக்கும் அயல் கிணறுகளுக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். 50 அடிக்குக் குறைந்தால் குழியை மாற்றுவதுதான் வழி. குளோரின் போட்டால் கிருமி சாகும், ஆனால் கழிவுநீரிலிருந்து கிணற்றில் சேரும், கைக்குழந்தைகளுக்கு ஆபத்தான நைத்திரேற்று போகாது. விருந்தாளியின் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்களைப் போலவே அறை விடும் அயலவருக்குச் சபை அனுமதிக் கட்டணம் 1,000 ரூபா. எனக்கு 11,400 ரூபா. ஏன் இந்த வித்தியாசம்?
– வாசகர், கோப்பாய்

பதில்: நீங்கள் அதிகாரசபையில் பதிந்திருப்பீர்கள், அவர் பதிந்திருக்கமாட்டார். பிரதேச சபைச் சட்டப்படி சாதாரண அனுமதிக் கட்டணத்தின் மேலெல்லை, கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியை (சோலைவரிக்காகச் சபை மதிப்பிடும் வருட வாடகைப் பெறுமதியை) பொறுத்து 500, 750 அல்லது 1,000 ரூபா. மாநகரசபையில் இது 2,000, 3,000, 5,000. அதிகாரசபையில் பதிந்த ஹோட்டலுக்கும் தங்குமிடத்துக்கும் கணக்கு வேறு: முந்திய வருட மொத்த வரவில் 1 வீதம் வரை அறவிடலாம். 11,400 ரூபா என்றால் உங்கள் வரவு 11 இலட்சத்து 40 ஆயிரம் என்று எடுத்திருக்கிறார்கள். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று சபையில் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. முன்பதிவுத் தளம் தரகு கழித்து வங்கிக்கு அனுப்பும் காசை மட்டும் எழுதி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் திண்டாடுவார்கள். விருந்தாளி கொடுத்தது, தளம் பிடித்தது, கைக்கு வந்தது என மூன்று நிரல்களில் எழுதுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அறவீடான 1 வீதம் இதற்குப் புறம்பானது. ஒன்றைக் கட்டினால் மற்றது தீராது.

கேள்வி: லண்டனிலுள்ள அக்காவின் கொக்குவில் வீட்டை அற்றோர்னித் தத்துவம் பெற்று நான் நாள் வாடகைக்கு விடுகிறேன். அங்கே 90 நாள் எல்லை உண்டாம். இங்கேயும் உண்டா? வருமான வரி யாருக்கு?
– வாசகர், கொக்குவில்

பதில்: வருடத்துக்கு 90 இரவு என்பது லண்டன் மாநகரத்துக்கான விதி. இங்கே இரவுக் கணக்கு எல்லை இல்லை. வருமானம் அக்காவுடையது, வரியும் அவருக்கே. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் விலக்கு உண்டு. ஆனால் இங்கு வதியாத ஒருவருக்கு இலங்கைக் குடியுரிமை இருந்தால்தான் அது கிடைக்கும். அக்கா பிரித்தானியக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை பெறாமல் விட்டிருந்தால் முதல் ரூபாவிலிருந்தே வரி. வரி அறிக்கைக்குக் கடைசித் திகதி நவம்பர் 30. வீட்டுடன் தங்காத உரிமையாளர் ‘ஹோம்ஸ்டே’ என்ற பிரிவில் பதிய முடியாது, வேறு பிரிவில் விண்ணப்பியுங்கள். வருடச் சோலைவரியை ஜனவரி 31க்குள் முழுதாகக் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு.