க்ளைன்மான் அப்பாவும் மகனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாஜிகளின் வதைமுகாம்களில் அடைபட்ட வியன்னா யூதர்களான குஸ்தாவ் க்ளைன்மான், அவர் மகன் ஃப்ரிட்ஸ் இருவரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அப்பாவை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மகன் தானும் போகிறேன் என்று பெயர் கொடுத்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பதிமூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான். அவன் இப்படிச் செய்தால் என்னால் தாங்க முடியாது. ஃப்ரிட்ஸ் செய்தது சரியா? ஆனால் இருவருமே உயிரோடு திரும்பினார்களே, அன்புதான் அவர்களைக் காப்பாற்றியது என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்தக் கதையை என் பையனுக்குச் சொல்ல ஆசை.

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அன்பு காப்பாற்றியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொன்னால், சேர்ந்தே செத்துப்போன அத்தனை அப்பாக்களுக்கும் மகன்களுக்கும் அன்பு போதவில்லை என்று ஆகிவிடும். 1939 அக்டோபரில் இவர்களோடு வியன்னாவிலிருந்து ஜெர்மனியில் இருந்த புஹன்வால்டு முகாமுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத ஆண்கள் கொண்டுபோகப்பட்டார்கள். போர் முடிந்தபோது அவர்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், அப்பாக்கள் இருந்தார்கள்.

இவர்கள் பிழைத்ததில் முதலில் வருவது கைத்தொழில். குஸ்தாவ் சோபா குஷன் வேலை செய்தவர். முதல் உலகப்போரில் ஆஸ்திரியப் படையில் போரிட்டு வீரப் பதக்கம் வாங்கியவர். அந்தப் பதக்கத்தை யாரும் மதிக்கவில்லை. கையில் இருந்த தொழில்தான் பிற்பாடு உதவியது. ஃப்ரிட்ஸுக்குப் பிடிபட்டபோது வயது 16. கல்குவாரியில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த புஹன்வால்டில், ராபர்ட் ஸீவெர்ட் என்ற கம்யூனிஸ்ட் கைதி, கட்டுமான வேலைக்கு ஆள் வேண்டும் என்று முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்எஸ்ஸின் அதிகாரிகளைச் சம்மதிக்க வைத்து, யூத, போலந்துப் பையன்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார். தன் பிள்ளையல்லாத பையன்களுக்காக அவர் அந்த அபாயத்தை எடுத்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

1942 அக்டோபரில் ஜெர்மனிக்குள் இருந்த முகாம்களின் யூதர்களை எல்லாம் ஆஷ்விட்ஸுக்கு மாற்ற உத்தரவு வந்தது. புஹன்வால்டில் கொத்தனார்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அதனால் ஃப்ரிட்ஸ் தப்பித்தான், அப்பாவின் பெயர் பட்டியலில் இருந்தது. நண்பர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவன் கேட்கவில்லை. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் போன அந்த ரயிலில் 19 வயதில் ஏறினான். அவன் அம்மா டீனியும் அக்கா ஹெர்த்தாவும் அந்த ஜூன் மாதமே மின்ஸ்க் அருகே மாலி ட்ரோஸ்டினெட்ஸில் கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்கள் கதி என்னவென்று அப்போது இவர்கள் இருவருக்கும் தெரியாது.

சரியா என்று கேட்டீர்கள். வெளியே உட்கார்ந்து கணக்குப் போட்டால் சரியில்லை. ஆனால் மூன்று வருடம் ஒரே முகாமில், ஒரு துண்டு ரொட்டியைப் பங்கிட்டு, இன்று இவர் விழுந்தால் அவன் தாங்கி, நாளை அவன் விழுந்தால் இவர் தாங்கி வாழ்ந்தவனுக்கு, தனியாக மிஞ்சுவது தப்பிப்பதாகவே தெரிந்திருக்காது. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

போன இடத்தில் அவர்களை ஆஷ்விட்ஸின் கிளை முகாமான மோனோவிட்ஸில், ஐஜி ஃபார்பென் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனத்தின் தொழிற்சாலைக் கட்டுமானத்துக்கு அனுப்பினார்கள். மகன் கொத்தனாராகவும், அப்பா தோல், குஷன் வேலைக்காரராகவும் அங்கே காலம் தள்ளினார்கள். அப்புறம் ஃப்ரிட்ஸ் முகாமின் ரகசிய எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தான், பிடிபட்டான், சித்திரவதைப்பட்டான். வாயைத் திறக்கவில்லை. அவனைக் காப்பாற்ற, இறந்துவிட்டதாக ஏட்டில் எழுதி வேறு பெயரில் மறைத்து வைத்தார்கள் சக கைதிகள். கொஞ்ச நாள் அப்பாவுக்கே உண்மை தெரியாது. அந்த நாட்களில் குஸ்தாவ் எப்படி எழுந்து வேலைக்குப் போனார் என்று யோசித்தால் எனக்கு வேறு எதுவும் ஓடுவதில்லை.

அதே மோனோவிட்ஸுக்கு 1944இல் சிகெட் ஊரிலிருந்து இன்னொரு அப்பாவும் 15 வயது மகனும் வந்தார்கள். மகன், பின்னாளில் எழுத்தாளரான எலி வீசல். அவர்களும் ஒருவரை ஒருவர் விடாமல் பற்றிக்கொண்டவர்கள்தான். 1945 ஜனவரியில், பனியில் நடத்தியும் திறந்த ரயில் பெட்டிகளில் ஏற்றியும் புஹன்வால்டுக்குக் கொண்டுபோனபின் அப்பா இறந்தார். கடைசி நேரத்தில் அவர் கூப்பிட்டபோது பயத்தில் பதில் சொல்லவில்லை என்பதை வீசல் வாழ்நாள் முழுதும் சுமந்தார். ஃப்ரிட்ஸைவிட அவருக்கு அன்பு குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பசியும் குளிரும் அடியும் ஒரு பையனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது அவன் மனத்தின் அளவைப் பொறுத்ததல்ல.

அதே ஜனவரியில் க்ளைன்மான்களும் திறந்த பெட்டியில்தான் இருந்தார்கள். ரயில் ஆஸ்திரியாவுக்குள் வந்ததும் ஃப்ரிட்ஸ் குதிக்கத் தயாரானான். அப்பாவுக்கு உடம்பில் தெம்பில்லை. நீ போ என்று மகனை அனுப்பிவைத்தார். மகன் அப்பாவோடு போனதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு தகப்பனாக உங்களுக்கு நெருக்கமானது இந்த இடம் என்று நினைக்கிறேன். குதித்தவனும் சீக்கிரமே பிடிபட்டு ஆஸ்திரியாவில் இருந்த மௌத்ஹவுஸன் முகாமில் அடைபட்டான். அந்த ரயிலையோ இடமில்லை என்று மௌத்ஹவுஸன் திருப்பி அனுப்பியிருந்தது. குஸ்தாவ் வேறு முகாம்கள் வழியாக பெர்கன்-பெல்சனுக்குப் போய்ச் சேர்ந்தார். ஏப்ரல் 15 அன்று அங்கே பிரிட்டிஷ் படை வந்தது. ஃப்ரிட்ஸுக்கு மே மாதம் விடுதலை. வியன்னாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். குஸ்தாவ் பழைய தொழிலுக்கே திரும்பி 1976இல் இறந்தார். ஃப்ரிட்ஸ் 2009 வரை இருந்தார்.

பையனுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். பதிமூன்று வயதுக்குப் புரியும். ஸீவெர்ட்டையும், ஏட்டில் பொய் எழுதிய கைதிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். டீனியையும் ஹெர்த்தாவையும் விட்டுவிட வேண்டாம். திரும்பி வந்த இருவரை மட்டும் சொன்னால் அந்தக் குடும்பத்தின் கதை பாதிதான் அவனுக்குப் போய்ச் சேரும்.

அன்புடன்