தேக்குக்கு வாங்கிய முற்பணம்

கேள்வி: நாங்கள் கொடிகாமம். வன்னியில், ஒட்டுசுட்டானில் அப்பாவின் உறுதிக் காணியில் அவர் 1994இல் வைத்த தேக்கு 84 மரம் நின்றது. அப்பா இப்போது இல்லை. அம்மா, அக்கா, நான், தம்பி என்று நாலு பேர். தம்பி வெளிநாடு போக மூன்று தடவை ஏஜென்சிக்குக் கட்டினான். மூன்று தடவையும் மர வியாபாரியான மரக்காலைக்காரரிடம் 3 இலட்சம் முற்பணம் வாங்கிக் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து அவர் வந்து தனக்குப் பிடித்த 8 மரத்தைத் தறித்துக்கொண்டு போவார். போன தடவை அத்தான் அளந்து வைத்தார்: நடுச்சுற்றளவு 40 அங்குலம், நீளம் 18 அடி அளவில். பக்கத்துக் காணிக்காரர் அதே மாதிரி மரத்தைக் கன அடி 4,500 ரூபாவுக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது மிச்சம் 60 மரத்துக்கும் 18 இலட்சம், கையோடு 4 இலட்சம் முற்பணம் என்கிறார் அதே வியாபாரி. 18 இலட்சம் காணுமா? தம்பிக்கு அந்த 4 இலட்சம் உடனே வேணுமாம். நகையை அடகு வைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கூரையும் திருத்த வேண்டும். மிஞ்சுகிற காசை வல்லப்பட்டை (அகர்) மரம் வளர்க்கும் திட்டத்தில் போடச் சொல்லி ஒருவர் வந்து போகிறார். வளவில் நிற்கும் பலாவையும் சேர்த்து விற்கலாமா?

பதில்: சகோதரி, 18 இலட்சம் காணுமா காணாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் பிறகு பார்ப்போம். உங்களைத் தின்றுகொண்டிருப்பது முற்பணம். அதைக் கடன் என்றே நீங்கள் இதுவரை எண்ணவில்லை.

அத்தான் எழுதிய அளவை எடுங்கள். மரக்காலைக் கணக்கில் சுற்றளவை நாலால் பிரிப்பார்கள்: 10. பத்தைப் பத்தால் பெருக்கி, 18 அடியால் பெருக்கி, 144ஆல் பிரித்தால் 12.5 கன அடி. எட்டு மரத்துக்கு 100 கன அடி. நீங்கள் வாங்கியது 3 இலட்சம், ஆகவே கன அடி 3,000 ரூபா. பக்கத்துக் காணி விலையில் அது 450,000. ஆறு மாதம் முந்திக் காசு கிடைத்ததற்காக 150,000 ரூபாவை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். மாதம் நூற்றுக்கு எட்டு ரூபாவுக்கும் மேல் வட்டி. சாதாரண வட்டிக்காரனிடம் போயிருந்தாலும் இதைவிட மோசமாகியிருக்காது.

அதே 3 இலட்சத்துக்கு நகையை வங்கியில் வைத்திருந்தால்? வருடம் 15 வீதம் என்று பிடித்தாலும் ஆறு மாதத்துக்கு 22,500. நகையும் திரும்பி வரும். அடகுக் கடை வாசலில் நிற்க வெட்கப்படுகிறோம். அப்பா வைத்த மரத்தை அடகு வைத்ததை மட்டும் ஒருவரும் அடகு என்று சொல்வதில்லை.

இன்னொரு நட்டம் இந்தக் கணக்கில் வரவில்லை. அவருக்குப் பிடித்த மரம் என்றால் பருத்த மரம். பருத்த கட்டைக்குக் கன அடி விலையே வேறு. அரச மரக் கூட்டுத்தாபனமும் கட்டையைச் சுற்றளவு வகுப்புப் பிரித்துத்தான் விலை வைக்கிறது. வளைந்ததையும் நலிந்ததையும் முதலில் தறித்திருந்தால் மற்றவைக்கு வெளிச்சமும் இடமும் கிடைத்துப் பருத்திருக்கும். நீங்கள் தலைகீழாகச் செய்துவிட்டீர்கள். சுற்றளவு 36 அங்குலத்திலிருந்து 40 ஆனால் மரம் 23 வீதம் கூடும், வைரமும் கூடும்.

இனி அந்த 18 இலட்சம். மிச்சம் நிற்பவை மெலிந்தவை. சராசரி 34 அங்குலம், 16 அடி என்று வைத்தால் மரத்துக்கு 8 கன அடி, மொத்தம் 480. கன அடி 3,750 ரூபா விழுகிறது. மெலிந்த மரத்துக்கு இதை அநியாய விலை என்று சொல்லமாட்டேன். வன்னி மரத்தில் போர்க்காலச் செல் துண்டும் துப்பாக்கிச் சன்னமும் இருக்கும், வாளின் பல் உடையும் என்று அவர் சொல்வதும் பொய்யல்ல. அந்த அபாயத்தை அவர் ஏற்கிறார் என்றால் விலை சற்றுக் குறையத்தான் செய்யும். ஆனால் துண்டு கண்ட மரத்துக்கு மட்டும் கழிக்கட்டும், அறுபதுக்கும் அல்ல. நாலால் பிரிக்கும் கணக்கே உருட்டுக் கட்டையின் உண்மைக் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விட்டுவிடுகிறது. அதற்கு மேலும் பட்டை, வைரமில்லாத வெளிறு என்று ஒவ்வொன்றாகக் கழிக்க விடாதீர்கள்.

18 இலட்சம் பரவாயில்லை. 4 இலட்சத்தை வாங்காதீர்கள். அதை வாங்கிய நாளிலிருந்து எப்போது தறிப்பது, எதைத் தறிப்பது, எந்த அளவில் தறிப்பது எல்லாம் அவர் கையில்.

தம்பி விஷயம். கோபிக்க வேண்டாம். மூன்று தடவையும் இதே கணக்கு என்று வைத்தால் போன 24 மரத்தின் பெறுமதி 13.5 இலட்சம். நிற்பது 18. ஆக 31.5. பிள்ளைகள் மூவருக்கும் பிரித்தால் ஆளுக்கு 10.5 இலட்சம், அம்மாவின் பங்கை வைத்தால் இன்னும் குறையும். மரக் கணக்கில் தம்பியின் பங்கு எப்போதோ முடிந்துவிட்டது. அவன் கைக்கு வந்தது 9 இலட்சம்தான், மிச்ச 4.5 வியாபாரியிடம். இப்போது கேட்கும் 4 இலட்சம் உங்களுடையதும் அக்காவுடையதும். கொடுக்க விரும்பினால் அக்காவைக் கேட்டு, எழுதி, கடனாகக் கொடுங்கள். மூன்று தடவை அனுப்பாத ஏஜென்சி நாலாம் தடவை அனுப்புமா என்பதை அம்மா அவனிடம் கேட்கட்டும்.

கூரைக்குக் காசு வேணும் என்றால் மிக நலிந்த 20 மரத்தைக் கொடுங்கள். 28 அங்குலம், 14 அடி என்றால் மரத்துக்கு 5 கன அடிக்குச் சற்றுக் குறைவு. கன அடி 3,500 ரூபாவுக்குக் கொடுத்தாலும் 3.3 இலட்சம் வரும். தறித்து, உங்கள் முன் அளந்து, காசு எண்ணிய பிறகு லொறி நகரட்டும். மரம் ஏற்றும் பெர்மிற் வேலையைத் தான் பார்ப்பதாக அவர் சொன்னால் வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். மரத்தின் தொகையும் அளவும் எழுதிய பிறகு வைத்தால் போதும். உங்கள் பெயர்ப் பத்திரத்தில் காட்டு மரங்களான முதிரையும் பாலையும் ஏறிப் போய்ப் பிடிபட்டால் விளக்கம் சொல்லப் போவது நீங்கள்தான்.

வல்லப்பட்டைக்காரரிடம் ஒரே கேள்வி: பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்க மத்திய வங்கி அனுமதி இருக்கிறதா? காயப்பட்டு நோய் பிடித்த மரத்தில்தான் அந்தப் பிசின் ஊறும், வைத்த கன்றெல்லாம் பொன்னாகாது. சொந்தத் தேக்கை விற்று இன்னொருவர் காட்டில் மரக்கன்று வாங்குவதை எனக்கு விளங்கிக்கொள்ளவே முடியவில்லை.

பலாவைத் தறிக்கப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டுச் சட்டம். காய்க்கிற மரம் என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்த தடவை ஒட்டுசுட்டான் போகும்போது அளவு நாடாவும் ஒரு டப்பா பெயின்ற்றும் கொண்டுபோய் அறுபதுக்கும் இலக்கம் போடுங்கள். நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவைக் கொப்பியில் எழுதி ஒரு பிரதியை அக்காவிடம் கொடுங்கள். அதுவரை மரக்காலைக்காரரின் தொலைபேசியை எடுக்க வேண்டாம்.