சிறுதானிய பீரால் சிறு விவசாயிக்குப் பயன் உண்டா?

கேள்வி: உள்ளூர்ச் சிறுதானியங்களில் கிராஃப்ட் பீர் (சிறிய ஆலைகள் தங்கள் பக்குவத்தில் காய்ச்சும் பீர்) காய்ச்சினால் சிறு விவசாயிகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை வெறும் விளம்பரமா?

பயன் உண்டு. ஆனால் பீரில் சிறுதானியம் எத்தனை பங்கு, அதை முளைகட்டி மால்ட் ஆக்குவது யார் என்று பார்க்காமல் எவ்வளவு பயன் என்று சொல்ல முடியாது. மானாவாரியில் தானியம் விதைக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். சில வருடங்களாக, சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள், வீட்டில் கேழ்வரகிலும் சோளத்திலும் பீர் காய்ச்சிப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1,000 லிட்டர் பீருக்குச் சுமார் 200 கிலோ மால்ட் வேண்டும். ஒரு சிறிய ஆலை வருடத்துக்கு இதே அளவில் 100 ஈடு, அதாவது 100 தடவை, காய்ச்சினால் மொத்தம் 20 டன் மால்ட். அதில் 10 சதவீதம் மட்டும் கேழ்வரகு என்றால் 2 டன். ஏக்கருக்கு 700 கிலோ விளைச்சல் என்று வைத்துக்கொண்டால் மூன்றே ஏக்கர்! ஒன்றிரண்டு குடும்பங்களோடு விஷயம் முடிந்துவிடும். அதே ஆலை முழுக்கச் சிறுதானியத்தில் காய்ச்சினால் ஏறக்குறைய 30 ஏக்கர். போத்தலில் கேழ்வரகுக் கதிர் படம் போட்டிருந்தால் நான் முதலில் தேடுவது அந்தச் சதவீதத்தைத்தான்.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் பங்கைக் கூட்டுவதில்லை? மனமில்லாததால் அல்ல, காய்ச்சுவது கடினம் என்பதால்தான். வழக்கமாகப் பீருக்குப் பயன்படும் பார்லியின் மாவுச்சத்து 60 முதல் 65 டிகிரிச் சூட்டில் குழைந்துவிடும். அதைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளும் அந்தச் சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். சோளமும் மற்ற சிறுதானியங்களும் குழைய 70 டிகிரிக்கு மேல்கூடத் தேவைப்படும். அந்தச் சூட்டில் நொதிகள் பலவும் செத்துப்போகின்றன. என் முதல் சோள ஈடு இதனால்தான் கஞ்சியாகவே நின்றது, இனிப்பே ஏறவில்லை. அப்புறம் கற்றுக்கொண்ட முறை இது: அரைத்த மால்ட்டை மிதமான வெந்நீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். நொதிகள் அந்த நீரில் இறங்கியிருக்கும். அடியில் தங்கிய மாவைக் கொதிக்கவிட்டு ஆற்றி, அதே நீரைத் திரும்ப ஊற்றினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இனிப்பு ஏறிவிடுகிறது.

வடிகட்டுவது அடுத்த சிக்கல். பார்லியின் உமியே வடிதட்டு மாதிரி வேலை செய்யும். கேழ்வரகிலும் கம்பிலும் அந்த உமி கிடையாது, அடியில் சேறுபோல் அடைத்துக்கொள்ளும். சுத்தமான நெல் உமியைக் கலந்தால் சாறு தடையில்லாமல் இறங்குகிறது. கம்பில் கொழுப்பு அதிகம் என்பதால் நுரை நிற்பதும் குறைவு. எனக்குக் கைகொடுத்தது கேழ்வரகுதான். அதன் முளையில் நொதி பலம் நன்றாக இருக்கும். கென்யாவில் புசா என்ற பாரம்பரிய பீருக்கு மக்காச்சோள மாவோடு கேழ்வரகு மால்ட்டைச் சேர்ப்பது வழக்கம். உகாண்டாவில் கேழ்வரகிலேயே அஜோன் காய்ச்சி நீண்ட குழல்களால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். கிராஃப்ட் ஆலைகள் பாடம் படிக்க வேண்டியது இவர்களிடம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

விவசாயிக்கு உண்மையான வரவு கூடக்கூடிய இடம் மால்ட். வெறும் தானியமாக விற்றால் சந்தை விலைதான். ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வேரும் முளையும் நீக்கிக் கொடுத்தால் அது வேறு சரக்கு. பார்லி முளைக்கக் குளிர்ச்சி வேண்டும். சிறுதானியமோ 25 முதல் 30 டிகிரியில் தானாகவே நன்றாக முளைக்கும் என்பதால், வெப்பமான ஊர்களில் குளிரூட்டும் செலவே இல்லாமல் ஒரு விவசாயிகள் குழு இதைச் செய்ய முடியும். கவனம் வேண்டும், ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து மொத்தச் சரக்கும் வீணாகும். இளம் சோளப்பயிரை மாடு மேய்ந்தால் ஆபத்து என்று விவசாயிகளுக்குத் தெரியும். அந்த நஞ்சுக்குக் காரணமான பொருள் சோள முளையிலும் உண்டு. அதனால் உலர்த்தியபின் வேர், முளை இரண்டையும் தேய்த்து நீக்காமல் விடக்கூடாது.

பெரிய அளவில் நடந்த உதாரணங்களும் உண்டு. உகாண்டாவில் 2002-இல் ஈகிள் லாகர் என்ற பீர் வந்தது. எபுரிபுரி என்ற உள்ளூர்ச் சோள ரகத்தை விவசாயிகளிடம் வாங்கிக் காய்ச்சினார்கள், அரசும் வரிச்சலுகை கொடுத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோளம் பணப்பயிரானது. கென்யாவில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அங்கே செனட்டர் என்ற மலிவு பீருக்கு இருந்த வரிச்சலுகையைக் குறைத்து, 2013-இல் 50 சதவீத வரி போட்டார்கள். விற்பனை சரிந்தது, அதை நம்பிச் சோளம் விதைத்தவர்கள் சரக்கோடு நின்றார்கள். 2015-இல் சலுகை திரும்ப வந்தது, ஆனால் இடையில் போன பருவங்கள் திரும்பி வருமா? ஒரே ஒரு ஆலையை நம்பி நிலம் முழுவதையும் ஒரே ரகத்துக்கு மாற்றச் சொல்லி யாரும் விவசாயியை வற்புறுத்தக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். சாப்பிடவும் உதவும் ரகமாக இருந்தால், பீர் விற்காத வருடத்திலும் அது வீட்டுக்கு உணவாகும்.

இன்னொன்று. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுதானியத்தில் இல்லை. குளூட்டன் ஒவ்வாதவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் ஒரு கைப்பிடி பார்லி சேர்ந்தாலும் அந்தப் பெயரில் விற்கக்கூடாது, உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயம். சிறுதானியம் சேர்ந்ததால் பீர் ஆரோக்கிய பானம் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் மது மதுதான்.

நீங்களே ஆலை தொடங்குவதாக இருந்தால், அறுவடைக்குப் பிறகு போய் விலை பேசாதீர்கள். விதைப்புக்கு முன்பே போங்கள். எத்தனை மூட்டை, என்ன விலை, ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்து, விலையில் ஒரு பகுதியை அன்றே முன்பணமாகக் கொடுங்கள். காய்ச்சி மிஞ்சும் சக்கையை அதே விவசாயிகளின் மாடுகளுக்குத் திருப்பி அனுப்புங்கள். அது ஈரமாக இருக்கும், சீக்கிரம் புளித்துவிடும், அதனால் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும்.