நிலத்தடிக் குழாய் போட்டால் ஏசி வேண்டாமா?

கேள்வி: திருச்சியில் வீடு கட்டுகிறோம். தோட்டத்தில் 10 அடி ஆழத்தில் 100 அடி நீளத்துக்கு பிவிசி குழாய் புதைத்து, அதன் வழியாகக் காற்றை உள்ளே இழுத்தால் ஏசியே வேண்டாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். 1.8 லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தத்துவம் சரிதான். அந்த ஆழத்தில் மண்ணின் வெப்பம் கோடைக்கும் மழைக்கும் அதிகம் மாறாது. ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். சிக்கலும் அங்கேதான். டெல்லியை ஒட்டிய குருகிராம் அருகே குவால் பஹாரியில், டெரி (TERI) என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி மையத்தை 4 மீட்டர் ஆழத்தில் ஓடும் சுரங்கக் குழாய்கள் குளிர்விக்கின்றன. அங்கே ஜனவரிக் குளிர் மண்ணையும் ஆற்றிவிடும். ஆண்டுச் சராசரி சுமார் 25 டிகிரி. திருச்சியில் ஏது குளிர்காலம்? சராசரியே 29-ஐத் தொடுகிறது. மே மாத மதியம் வெளியே 40 என்றால், குழாயிலிருந்து 32 டிகிரிக் காற்று வந்தாலே நல்ல வேலை. ராத்திரியில் வெளிக்காற்றே 28 வரை இறங்கிவிடும், அப்போது ஜன்னலைத் திறந்தாலே போதும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 300 கன மீட்டர் காற்றை 8 டிகிரி குளிர்வித்தால் கிடைப்பது சுமார் 800 வாட் குளிர்ச்சி. ஒரு டன் ஏசி தருவது 3,500 வாட். ஏசி காற்றிலுள்ள ஈரத்தையும் எடுக்கும். நம் ஊர் மண்ணின் சூட்டில் குழாயால் அது முடியாது. புழுக்கம் அப்படியே இருக்கும். காற்றைத் தள்ள புளோயருக்குக் கரண்ட் செலவு வேறு.

என்னைக் கேட்டால், முதல் செலவு மொட்டை மாடிக்கு. வெள்ளைத் தட்டோடு அல்லது வெயிலைத் திருப்பும் வெள்ளை பெயின்ட், மேற்குச் சுவருக்கு நிழல், அப்புறம் நல்ல ஃபேன். குழாய்க்குக் கேட்ட தொகையில் ஒரு பகுதியிலேயே இவை முடிந்துவிடும்.

இல்லை, குழாய்தான் வேண்டும் என்றால், புளோயர் மணிக்கு எவ்வளவு காற்று தள்ளும், வெளிவரும் காற்று எத்தனை டிகிரி என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். மழைநீர் இணைப்புகளில் கசிந்தால் வடிய குழாய்க்கு வாட்டமும் ஒரு தொட்டியும் வேண்டும், குழாயின் வாய்ப்பகுதியில் எலி, பூச்சி நுழையாத வலையும் வேண்டும். பாக்கிப் பணத்தை மே மாத மதியம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். சொன்னபடி இல்லாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம்.