மாமனாரின் மவுத் ஆர்கனை மகன் வாசிக்கலாமா?

கேள்வி: பரண்மேல் கிடந்த டிரங்குப் பெட்டியில் என் மாமனாரின் பழைய மவுத் ஆர்கன் கிடைத்தது. இரண்டு வரிசை, வரிசைக்கு 24 ஓட்டைகள். மக்கிய வாடை வருகிறது. உள்ளே பச்சைக் களிம்பும் கரப்பான் எச்சமும் தெரிகின்றன. நாலைந்து ஓட்டைகளில் சத்தமே இல்லை. மாமனாருக்கு முப்பது வருடத்துக்கு முன் டி.பி. வந்து குணமானது. நாலாவது படிக்கும் மகன் இதைத்தான் வாசிப்பேன் என்று அடம்பிடிக்கிறான். கொதிக்க வைக்கலாமா, டெட்டாலில் ஊறப் போடலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

இரண்டும் வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் மரம் உப்பி வெடிக்கும், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். டெட்டால் வாயில் வைக்கும் பொருளுக்கானதல்ல, மரத்தில் ஏறிய அதன் வாசனையும் லேசில் போகாது. பிளீச்சிங் பவுடர் யோசனை வந்தால் அதையும் விடுங்கள், பித்தளையை அரித்துவிடும்.

டி.பி. பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியை மூச்சில் இழுப்பதால் பரவும் நோய் அது. தட்டு, டம்ளர், துணிமணி வழியாகப் பரவுவதில்லை. இத்தனை வருடம் காய்ந்து கிடந்த கருவியால் அது வரும் என்று பயப்பட வேண்டியதில்லை.

எனக்குக் கவலை அந்த மக்கிய வாடைதான். அது பூஞ்சையாக இருக்கும். மவுத் ஆர்கனில் பாதி சுரம் ஊதினால் வரும், மீதி இழுத்தால் வரும். இழுக்கும்போது உள்ளே இருப்பது நேராக நுரையீரலுக்குப் போகிறது. பிரிட்டனில் பேக்பைப் என்ற, பையில் காற்றை ஊதி வாசிக்கும் கருவியை வாசித்த ஒருவர், கருவிக்குள் வளர்ந்த பூஞ்சையால் நுரையீரல் கெட்டு இறந்தே போனதாக 2016இல் தொராக்ஸ் என்ற மருத்துவ இதழ் எழுதியது. கருவியை விட்டுவிட்டு மூன்று மாதம் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது அவருக்கு மூச்சு நன்றாகத் தேறியதாம். இத்தனைக்கும் பேக்பைப் ஊதுகிற கருவிதான், இழுத்து வாசிப்பதல்ல.

அதனால் மேல் மூடிகளைக் கழற்றி, நடுக்கட்டை மரமா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். மொட்டை மாடியிலோ வாசலிலோ முகக்கவசம் போட்டுக்கொண்டு திறப்பது நல்லது. மரமாக இருந்து அதில் கரும்புள்ளியோ வெள்ளைப் படலமோ படர்ந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மரத்தின் துளைக்குள் இறங்கிய பூஞ்சையை வீட்டில் முழுதாக எடுக்க முடியாது. தண்ணீரில் போட்டால் தடுப்புகள் உப்பி வெளியே துருத்திக்கொண்டு உதட்டைக் கிழிக்கும். மாமனார் நினைவாக ஷோகேஸில் வைத்துவிட்டு, மகனுக்குச் சில நூறு ரூபாயில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். அடம்பிடிப்பான்தான், இருந்தாலும் குழந்தை விஷயத்தில் நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிளாஸ்டிக் கட்டை, திருகாணி வைத்த தகடு என்றால் காப்பாற்றலாம். கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக இரண்டு தகடு, ஒவ்வொன்றிலும் 24 நாக்குகள், அதாவது காற்று பட்டால் அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய உலோகப் பட்டைகள். அதில் பாதிதான் வெளியே தெரியும். இழுக்கிற சுரத்தின் நாக்குகள் வெளிப்பக்கமும் ஊதுகிற சுரத்தினுடையவை உள்பக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடித்திருப்பார்கள். வெளியே பளபளவென்று இருந்தாலும் தகட்டைத் திருப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கட்டையையும் மூடிகளையும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவலாம். தகட்டுக்குத்தான் பொறுமை வேண்டும். மென்மையான டூத் பிரஷ்ஷை ஆணி அடித்த முனையிலிருந்து ஆடும் நுனியை நோக்கி மட்டும் இழுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் நாக்கு மடங்கிப்போகும். பித்தளைதானே என்று புளியும் பீதாம்பரியும் எடுத்துவிடாதீர்கள். நார் சிக்கும், தூள் இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். பச்சைக் களிம்பு செம்பின் உப்பு, வாய்க்குள் போகக் கூடாதது. வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, பக்கத்திலேயே நின்று சில நிமிடம் மட்டும் தகட்டை ஊற வைத்தால் இளகும். அதிக நேரம் விட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து தகடு ரோஸ் நிறமாகிவிடும். அப்புறம் நன்றாக அலசுங்கள். நம் ஊர் போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு படியும், அதனால் கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது.

அழுக்கு போன பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேலேயே ஊற்றினால் அது உள்ளே இறங்காது. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். 99 சதவீதம் சட்டென்று ஆவியாகிவிடும், 70தான் கொஞ்ச நேரம் ஈரமாக நின்று வேலை செய்யும். அடுப்புப் பக்கம் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள், அக்னி நட்சத்திர வெயிலில் பிளாஸ்டிக் கட்டையைக் காயவைக்காதீர்கள்.

சத்தம் வராத ஓட்டைகளுக்கு வருவோம். தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நாக்கைச் சுற்றி மூன்று பக்கமும் மெல்லிய ஒளிக்கோடு தெரிய வேண்டும். எங்கே கோடு அறுந்திருக்கிறதோ அங்கே முடியோ பஞ்சோ களிம்போ சிக்கியிருக்கும். மெல்லிய காகிதத் துண்டை நுழைத்து எடுத்துவிடலாம். நாக்கு தகட்டோடு ஒட்டிப் படுத்திருந்தாலும் பேசாது. பல்குச்சியால் நுனியைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும். ஆணி அருகே விரிசல் விட்டிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, அந்த நாக்கு போனதுதான்.

கழுவிய பிறகு சுருதி லேசாக விலகலாம். இந்த வகையில் ஒவ்வொரு சுரத்துக்கும் மேலும் கீழுமாக இரண்டு நாக்குகள் கொஞ்சம் வித்தியாசமாகச் சுருதி சேர்ந்திருக்கும். அலையலையாகக் கேட்பது அதனால்தான். நுனியில் அரம் போட்டால் சுருதி ஏறும், அடியில் போட்டால் இறங்கும். ஆனால் பழக்கமில்லாத கை அரத்தைத் தொடாமல் இருப்பதே மேல்.

வாசிக்கும் முன் மகன் வாய் கொப்பளிக்கட்டும். முடித்ததும் உள்ளங்கையில் தட்டி எச்சிலை உதறி, ஈரம் காய்ந்த பிறகு பெட்டியை மூடச் சொல்லுங்கள். வாசித்த சில மணி நேரத்தில் இருமல், காய்ச்சல், மூச்சிறைப்பு என்று ஏதாவது வந்து, வாசிக்கும் போதெல்லாம் திரும்பவும் வந்தால், கருவியை எடுத்து வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மவுத் ஆர்கன் விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.