வலி மாத்திரையை விட்டாச்சு, சிகரெட்டை எப்போது, எப்படி? – கேள்வி பதில்

டிரமடால், டபென்டடால், கோடீன் சிரப் போன்ற ஓபியாய்டு (அபின் வகை மருந்து) பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் புகையை விடுவது பற்றிய கேள்விகள் மட்டும். பதில் சொல்பவர் போதை மீட்பு மருந்துகளைக் கையாளும் மருந்தாளுநர். மருந்தை எழுதித் தருவதும் அளவை மாற்றுவதும் உங்கள் டாக்டரின் வேலை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இங்கே தெரிந்துகொள்ளலாம்.

பெரம்பூர்க்காரன்: சார், டபென்டடால் விட்டு எட்டு மாசம் ஆச்சு. போன வாரம் சிகரெட்டை நிறுத்தினேன். மூணாம் நாள் எரிச்சல், தூக்கமில்லை, உடம்பு முறுக்குது, பழைய இடுப்பு வலியும் வந்துடுச்சு. மாத்திரை வித்ட்ராவல், அதான் நிறுத்தினதும் வர்ற உடம்பு அவஸ்தை, திரும்பிடுச்சுன்னு பயந்து மறுபடி பத்த வச்சிட்டேன்.

திரும்பவில்லை. எட்டு மாதம் கழித்து ஓபியாய்டு வித்ட்ராவல் புதிதாக வராது. நீங்கள் பட்டது நிகோடின் வித்ட்ராவல். கடைசி சிகரெட்டுக்குப் பிறகு ஒரு நாளுக்குள் ஆரம்பிக்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும். சரியாக உச்சத்தில் இருந்தபோது பத்த வைத்திருக்கிறீர்கள்.

எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை மூன்றும் இரண்டு வித்ட்ராவலுக்கும் பொது. அதனால்தான் குழப்பம். வயிற்றையும் நாடியையும் பாருங்கள். ஓபியாய்டு வித்ட்ராவலில் பேதியாகும், சாப்பாடு இறங்காது, நாடி படபடக்கும், மூக்கும் கண்ணும் ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், தோல் புல்லரிக்கும், கண்ணின் கருமணி விரியும். நிகோடின் வித்ட்ராவலில் வயிறு கட்டிக்கொள்ளும், அகோரப் பசி எடுக்கும், நாடி முன்பை விட நிதானமாக ஓடும். கிட்டத்தட்ட எதிரெதிர். காலையில் ஒரு தம் அடித்தால்தான் வெளிக்கே போகும் என்று இருந்தவர்களுக்கு மலச்சிக்கல் முதல் வாரமே தெரியும். இரவில் இரண்டு டீஸ்பூன் இசப்கோல், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு.

இடுப்பு வலி கற்பனை இல்லை. நிகோடின் கொஞ்ச நேரத்துக்கு வலியை மட்டுப்படுத்தும். அது இறங்கும்போது வலி உணர்வு கூடும். அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் பழைய வலி தலை தூக்கும். மீண்டவர்கள் வழுக்கும் இடம் இதுதான். வலிக்கிறதே என்று பழைய மாத்திரையைத் தேடுவார்கள். விடும் தேதிக்கு முன்பே வலிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில் நாளுக்கு மூன்று வரை. அதோடு வெந்நீர் ஒத்தடம், டைக்ளோஃபினாக் ஜெல். ஊசி பழக்கம் இருந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் பாராசிட்டமாலுக்கும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

இதை வாசிக்கும் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை, இனியும் சொல்வேன்: விட்ட பிறகு உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒரு காலத்தில் தினம் பத்து மாத்திரை போட்ட உடம்புக்கு இன்று அதே பத்து மூச்சை நிறுத்திவிடும்.

ஹைவே ராஜா: அண்ணே, லாரி ஓட்டுறேன். நாளைக்கு இருபது கிங்ஸ். கண்ணு முழிச்சதும் ஒண்ணு. நிகோடின் கம் வாங்கினேன், விக்கல்தான் வருது, ஆசை போகல.

சூயிங்கம் மாதிரி மென்றிருப்பீர்கள். வேகமாக மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல்தான் மிச்சம். அது கன்னத்தின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். மெதுவாகக் கடியுங்கள். மிளகு கடித்ததுபோல் சுரீர் என்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுரீர் அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று கடி, இந்தத் தடவை மறு கன்னத்தில். ஒரு கம் அரை மணி நேரம் வரும். டீ, காபி, ஜூஸ், கலர் குடித்தால் 15 நிமிடம் விட்டுத்தான் கம். வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் ஏறாது. டீ கடையில் இறங்கி டீயைக் குடித்துக்கொண்டே கம் மெல்கிறவர்களுக்கு அது வேலை செய்யாததற்கு இதுதான் காரணம்.

எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் 2 மி.கி. போதாது. 4 மி.கி. வேண்டும், அதற்கு மருந்துச் சீட்டு கேட்பார்கள். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் இரண்டு நான்கு மணிக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு எட்டு மணிக்கு ஒன்று. ஆசை வந்த பிறகு தேடாதீர்கள், மணி பார்த்துப் போடுங்கள். நாளுக்கு 24-க்கு மேல் கூடாது.

இருபது பிடிப்பவருக்குக் கம் மட்டும் போதாமல் போகலாம். பேட்ச்சும் (தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை) கம்மும் சேர்ந்தால் தனித்தனியாக விடப் பலன் அதிகம். நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர்களுக்கு 21 மி.கி. பேட்ச் ஆறு வாரம், பிறகு 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். பேட்ச் அடியில் சீராக ஓடும், டீ கடை வாசனை அடிக்கும் நேரத்துக்குக் கம். ராத்திரி கெட்ட கனவு வந்தால் படுக்கும்போது பேட்ச்சைக் கழற்றிவிடுங்கள்.

கோப்பு நம்பர் 9: சார், சிகரெட்டை விட டாக்டர் புப்ரோபியான் மாத்திரை எழுதியிருக்கிறார். டிரமடால் பழக்கம் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை. அந்த நாட்களில் ஒரு தடவை வலிப்பு வந்தது. அதுவும் சொல்லவில்லை. கூச்சம்தான்.

இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்திருந்தால் இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் கொடுக்கக் கூடாது. அது வலிப்பை எளிதாக வரவழைக்கும், டிரமடாலும் அப்படித்தான். அதோடு டிரமடாலை உடைக்கும் கல்லீரல் நொதியையும் புப்ரோபியான் தடுக்கும். ஒரு நாள் சறுக்கி டிரமடால் போட்டால் இரண்டும் சேர்ந்து அடிக்கும். குடியையோ தூக்க மாத்திரையையோ திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் புப்ரோபியான் வேண்டாம்.

உங்களைப் போன்றவர்கள் கேட்க வேண்டியது வரெனிக்ளின், புகையை விட உதவும் இன்னொரு மாத்திரை. முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒன்று, நான்காம் நாளிலிருந்து ஏழு வரை 0.5 இரண்டு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரண்டு வேளை, மொத்தம் 12 வாரம். எட்டாம் நாள்தான் சிகரெட்டை விடும் நாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்டு, முழு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். அபூர்வமாக இதிலும் வலிப்பு வந்ததுண்டு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவும் மாறும். அதனால் இந்தத் தடவை முழுக் கதையையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

டாக்டரிடமும் மருந்துக் கடையிலும் சொல்ல ஒரே வரி போதும்: "எனக்கு ஓபியாய்டு பழக்கம் இருந்தது, அந்த வகை மருந்து வேண்டாம்." பல் டாக்டரிடமும்தான்.

ஷிப்ட் முடிஞ்சது: ஓபியாய்டு ஏறாம தடுக்கிற நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. போட்டுட்டு இருக்கேன். அதுவே சிகரெட் ஆசையையும் அடக்குமா?

அடக்காது. சோதித்துப் பார்த்தாகிவிட்டது, புகைக்குப் பலனில்லை. அதைத் தொடருங்கள், புகைக்குத் தனி மருந்து. நால்ட்ரெக்ஸோனை நிறுத்திய பிறகு ஓபியாய்டின் பழைய அளவு இன்னும் ஆபத்து.

கோவை கிளவுட்: வேப்புக்கு மாறலாமா?

2019 சட்டப்படி இந்தியாவில் இ-சிகரெட் விற்பனையே தடை. கள்ளச் சரக்கில் எவ்வளவு நிகோடின் என்று விற்பவனுக்கே தெரியாது. கம், பேட்ச்.

கூட்டத்து மூத்தவர்: தம்பி, மீண்டு கொஞ்ச நாளிலேயே புகையையும் விடலாம் என்பதுபோல் நீங்கள் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மீட்புக் கூட்டங்களில் முதல் வருஷம் சிகரெட்டை விட முயலாதே என்றுதான் சொல்வோம். ஒரு நேரத்தில் ஒரு சண்டை. இரண்டையும் பிடுங்கினால் பையன் இரண்டிலும் தோற்பான்.

ஐயா, நல்ல மனசோடு சொல்லப்படும் இந்த அறிவுரையால்தான் பலர் சாகிறார்கள். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் போதை சிகிச்சை பெற்ற 845 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1996-ல் வந்தது. இறந்தவர்களில் பாதிப் பேரின் சாவுக்குக் காரணம் புகையிலை. குடியால் செத்தவர்கள் அதை விடக் குறைவு, மூன்றில் ஒரு பங்குதான். போதையிலிருந்து காப்பாற்றி, நுரையீரலைக் காவு கொடுத்திருக்கிறோம். குடி மீட்புக் கூட்டங்களைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன் 1971-ல் இறந்தது குடியால் அல்ல, நுரையீரல் வீக்க நோயால்.

தோற்பான் என்பதற்கும் ஆதாரம் பலவீனம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2004 தொகுப்பில், சிகிச்சையின்போதே புகையை விடவும் உதவி கிடைத்தவர்கள் நீண்ட காலம் போதையின்றி இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது.

கூட்டத்து மூத்தவர்: அதே 2004-ல் எதிர் முடிவும் வந்ததே. குடி சிகிச்சையில் சேர்ந்த 499 பேர். கூடவே புகையை விடவும் உதவி பெற்றவர்கள் குடியில் அதிகம் சறுக்கினார்கள். ஆறு மாதம் தள்ளிப்போட்டவர்கள் தேவலை. அதை ஏன் சொல்லவில்லை?

சொல்லியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் குடிநோயாளிகள். ஓபியாய்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 34 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2016 தொகுப்பில், புகையை விட உதவியதால் போதை மீட்பு கெட்டதாகத் தெரியவில்லை. 25 சதவீத லாபமும் அதில் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி பிடிப்பீர்கள்.

பெரம்பூர்க்காரன்: ஐயா, கூட்டத்துக்கு வெளிய எல்லாரும் வட்டமா நின்னு பிடிக்கிறதாலதான் நான் விட முடியல. அதையும் சொல்லுங்க.

கூட்டத்து மூத்தவர்: அந்த வட்டத்தில் நின்றுதான் பல பேர் மனசு விட்டுப் பேசுகிறார்கள், தம்பி. அதையும் எடுத்துவிட்டால்?

வட்டம் இருக்கட்டும், கையில் சுண்டல் பொட்டலம் இருக்கட்டும். ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடான இடம் ஒன்று உண்டு. ஓபியாய்டை நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம், வீட்டில் தனியாக, மருந்தில்லாமல் புகையையும் சேர்த்து நிறுத்தாதீர்கள். மருத்துவமனையில் படுத்திருந்தால் பேட்ச் போட்டுக்கொண்டு நிறுத்தலாம். உடம்பு நிலைத்து, தூக்கம் திரும்பி, மருந்தளவு மாறாமல் ஒரு மாதம் ஓடியதும் தேதி குறியுங்கள். ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்.

மதுரை வேப்பர்: பாட் டைப் வேப் நல்லதுன்னு சொல்றாங்களே?

மேலே பார்க்கவும்.

நாக்கடி மாத்திரை: ஓபியாய்டு ஆசையை அடக்க, நாக்கடியில் வைக்கிற ப்யூப்ரினார்பின் – நலாக்சோன் சென்டரில் தராங்க. அதைப் போட்டதும்தான் சிகரெட் ஆசை ஏறுது. ஏன்? கம் சேர்த்துப் போடலாமா?

ப்யூப்ரினார்பினும் ஓபியாய்டுதான். ஓபியாய்டும் நிகோடினும் ஒன்றின் சுகத்தை ஒன்று கூட்டும். மருந்து ஏறும் முதல் சில மணி நேரம் அதிகம் பிடிப்பது ஆய்வுக்கூடத்திலேயே பார்த்த விஷயம். மாத்திரை நாக்கடியில் முழுக்கக் கரையட்டும். அப்போது பேசாதீர்கள், எச்சில் விழுங்காதீர்கள், கம் போடாதீர்கள். கரைந்ததும் தண்ணீர் கொப்பளித்து விழுங்குங்கள். ஒரு மணி நேரம் பல் துலக்க வேண்டாம், இல்லாவிட்டால் பல் எனாமல் கெடும். அரை மணி கழித்துக் கம். மாத்திரைக்கு முன் புகையும் வேண்டாம். உங்களுக்குப் பேட்ச் வசதி, வாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புகையை விடுகிறோம் என்று ப்யூப்ரினார்பினைக் குறைக்காதீர்கள்.

தாம்பரம் அம்மா: பையன் புகையை விட்டு ரெண்டு வாரம். முன்னைவிட இருமல் ஜாஸ்தி. கடையில் சிரப் வாங்கிக் கொடுக்கட்டுமா?

பொறுங்கள் அம்மா. புகையில் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாய் மயிரிழைகள் எழுந்து சளியைத் தள்ளுகின்றன. சில வாரம் இருக்கும். வெந்நீர், ஆவி, தேன் போதும். சிரப் வாங்கினால் லேபிளில் கோடீன் இல்லை என்று நீங்களே படித்துப் பாருங்கள். கோடீன் ஓபியாய்டு. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற இருமல் மருந்தும் இந்தப் பையனுக்கு வேண்டாம். சளியில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவு இருந்தாலோ, புகையை விட்டதால்தான் என்று தோன்றினாலும் இருமல் தொடங்கி இரண்டு வாரம் தாண்டினாலோ காச நோய்ப் பரிசோதனை.

ஃபில்டர் காபி: விட்ட நாளிலிருந்து கை நடுக்கம், படபடப்பு. காபி மட்டும்தான் துணை. நாளுக்கு ஆறு.

காபிதான் காரணம். புகையில் உள்ள தார், காபியிலுள்ள காஃபினை உடைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டி வைத்திருந்தது. புகை நின்றதும் நொதி இறங்கும், அதே ஆறு காபி பன்னிரண்டு போல் வேலை செய்யும். மூன்றாக்குங்கள். ஓலன்சபின், குளோசபின் என்ற மனநல மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு இது விளையாட்டில்லை. மருந்தளவு ஒரு வாரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும். விடும் முன்பே மனநல டாக்டரிடம் சொல்லுங்கள். கம், பேட்ச் போட்டாலும் இது நடக்கும், ஏனென்றால் காரணம் நிகோடின் அல்ல, புகை.

முதுகு வலி முருகன்: மூணு வருஷமா டைக்ளோஃபினாக். நானும் அடிமைதானா?

அது ஓபியாய்டு இல்லை. சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்தப் பகுதி உங்களுக்கு அல்ல.

இயற்கை வழி: மூலிகை பீடி?

புகை புகைதான். தாரும் கார்பன் மோனாக்சைடும் இலை பார்த்து வராது. அடுத்தது வேப் என்று கேட்கப் போகிறவர் தயவுசெய்து மேலே படியுங்கள்.

ஒரே ஒரு தம்: இருபத்தி ரெண்டு நாள் கழிச்சு நேத்து கல்யாண வீட்டில் ஒண்ணு பிடிச்சிட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. பேட்ச்சைக் கழற்றாதீர்கள், இன்றே தொடருங்கள். சிகரெட்டில் சறுக்கினால் உயிர் உடனே போகாது. அந்த வெறுப்பில் "எல்லாம்தான் போச்சே" என்று மாத்திரைப் பக்கம் போனால் போகலாம், பழைய அளவு ஞாபகம் இருக்கட்டும். அந்த நினைப்பு வந்தால் 14446-க்குப் போன் செய்யுங்கள், அது போதை மீட்பு இலவச எண். புகைக்கு மட்டும் என்றால் 1800-11-2356.

வியர்வை மன்னன்: சென்னை வெயிலில் பேட்ச் ஒட்ட மாட்டேங்குது சார். மத்தியானத்துக்குள் கழண்டு சட்டையில் ஒட்டிக்கொள்கிறது.

குளித்து, துடைத்து, வியர்வை அடங்க பத்து நிமிடம் ஃபேன் கீழே இருந்துவிட்டு ஒட்டுங்கள். அந்த இடத்தில் எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் இருக்கக் கூடாது. முடி இல்லாத மேல் கையில், வெளிப்பக்கம். உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், ஓரங்களை விரலால் தடவுங்கள். நாளைக்கு மறு கை, அதே இடத்துக்கு ஒரு வாரம் திரும்ப வேண்டாம். கழண்டு விழுந்தால் புதிது ஒட்டி, வழக்கமான நேரத்தில் மாற்றுங்கள். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வைத்து மடித்துப் போடுங்கள். அதில் நிகோடின் மிச்சம் இருக்கும், வீட்டில் குழந்தை எடுத்து வாயில் வைக்கும். பிறகு கையை வெறும் தண்ணீரில் கழுவுங்கள், கண்ணைத் தேய்ப்பதற்கு முன்.