அணைக்க வேண்டிய விளக்கு எது?

வாசகர் கேள்விகள்: வீட்டு மின்சாரம்

ட்யூப்லைட்டை அடிக்கடி அணைத்துப் போட்டால்தான் கரண்ட் அதிகம் இழுக்குமாம், எரியவிடுவதே மேல் என்கிறார் மாமனார். சரியா?
– வாசகி, காரைக்குடி

பாதி சரி. சோக், ஸ்டார்ட்டர் உள்ள பழைய ட்யூப்லைட் பற்றும்போது கூடுதலாக இழுப்பது ஓரிரு நொடிதான், அது கணக்கிலேயே வராது. ஆனால் ஒவ்வொரு முறை போடும்போதும் இரு முனையிலும் உள்ள இழைப் பூச்சு கொஞ்சம் தேயும். முனை கறுத்துப்போவது அதனால்தான். எனவே ட்யூப்லைட், சிஎஃப்எல் என்றால் கால் மணி நேரத்துக்குள் திரும்புவதானால் விட்டுவிடுங்கள். எல்இடிக்கு இந்தக் கவலை இல்லை, அறையை விட்டு வெளியே வந்ததும் அணைக்கலாம்.

ஆனால் கணக்கையும் பாருங்கள். 9 வாட் பல்பு தினம் ஒரு மணி நேரம் வீணாக எரிந்தால், இரண்டு மாத ரீடிங்கில் அரை யூனிட்தான். காம்பவுண்டில் 50 வாட் ஃப்ளட் லைட் மாலை 6 முதல் காலை 6 வரை எரிந்தால் 36 யூனிட். உள்ளே அணை அணை என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு வெளியே அதை விடிய விடிய எரியவிடுகிற வீடுகள்தான் அதிகம். ரீடிங் 500-ஐ ஒட்டி வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சேர்த்தே விலை கூடிவிடும்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறது. பல்பு கோளாறா?
– வாசகர், தஞ்சாவூர்

பெரும்பாலும் பல்பில் இல்லை, ஒயரிங்கில். ஸ்விட்சுக்குள்ளேயே சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அதன் வழியே கசியும் மின்சாரமே எல்இடியை மினுக்கப் போதும். சாதா ஸ்விட்ச் மாற்றினால் நின்றுவிடும்.

அது இல்லையென்றால், ஸ்விட்சை, மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயரில் கொடுக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள். எலக்ட்ரீசியனை அழைத்து, ஸ்விட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் பளிச்சென்று எரிந்தால் அதேதான். இதைத் தள்ளிப்போடக் கூடாது: அணைத்துவிட்டோம் என்று நம்பிப் பல்பு மாற்றுகிறவரின் விரல் நேராக ஃபேஸில் படும். மெயினை அணைத்துவிட்டு ஒயரை மாற்றிக் கொடுப்பது சின்ன வேலைதான்.

டெஸ்டரும் மங்கலாகத்தான் எரிகிறதா? மாடிப்படி டூ-வே ஒயரிங்கில் இது சகஜம். நீளமாகப் பக்கத்தில் ஓடும் ஒயரிலிருந்து தூண்டப்படும் மின்சாரம். வேறு வகை பல்பு போட்டாலே சில சமயம் சரியாகிவிடும்.

ஃப்ளட் லைட்டுக்குப் பதிலாக சென்சார் விளக்கு போட்டோம். ஆள் இல்லாதபோது எரிகிறது, ஆள் வந்தால் எரிவதில்லை. மழை பெய்தால் ஈசல் வேறு.
– வாசகர், திருப்பத்தூர்

சென்சார் பார்ப்பது ஆளை அல்ல, உடல் சூடு நகர்வதை. ஏசியின் வெளி யூனிட்டோ, வெயில் குடித்த மரக்கிளையோ எதிரே இருந்தால் ஏமாந்துபோகும். கேட்டிலிருந்து சென்சாரை நோக்கி நேராக நடந்து வருகிறவரை அது தாமதமாகவே உணரும், குறுக்கே கடக்கிறவரை உடனே பிடிக்கும். ஆகவே கேட்டுக்கு எதிர்ச் சுவரில் வைக்காமல் பக்கச் சுவரில், இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் வையுங்கள். சித்திரை, வைகாசி இரவுகளில் சுவரின் சூடும் உடல் சூடும் நெருங்கிவிடுவதால் எட்டும் தூரம் குறையும். அப்போது மட்டும் 'சென்ஸ்' திருகைக் கூட்டுங்கள். 'டைம்' ஒரு நிமிடம் போதும். எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும் என்பதற்கான 'லக்ஸ்' திருகை நிலாக் குறிப் பக்கம் வையுங்கள். விளக்கின் வெளிச்சம் சென்சார் மேலேயே பட்டால் எரிந்து எரிந்து அணையும்.

ஈசலுக்கு: அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்றிருக்கும் வெள்ளை விளக்கில் நீல ஒளி அதிகம், பூச்சி அதற்குத்தான் மொய்க்கும். 2700 அல்லது 3000 என்று பார்த்து வாங்குங்கள். நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறி வானத்தையும் வெளுப்பாக்குகிறது. உங்கள் மாவட்டத்தில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் இடம், அதற்கும் இதுதான் எதிரி. விளக்கின் முகம் தரையைப் பார்க்கட்டும். பல்பு பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்தால் கவசத்தை இறக்குங்கள்.

கடற்கரை ஓரம் எங்கள் அப்பார்ட்மெண்ட். ஆமைக்காக விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு நாள்?
– வாசகி, நீலாங்கரை

பங்குனி ஆமை ஜனவரியிலிருந்து முட்டையிட வரும். குஞ்சு பொரிய ஏறக்குறைய 45 முதல் 50 நாள். எனவே ஜனவரி முதல் மே வரை. குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நினைத்து ஓடும். மொட்டைமாடி ஃப்ளட் லைட் ஒன்றே அவற்றைச் சாலைக்குத் திருப்பிவிடும். கடல் பக்கத்து பால்கனி, மாடி, நீச்சல்குள விளக்குகளை இரவு முழுக்க அணையுங்கள். வீட்டுக்குள் எரிவதற்கு கனமான திரை போதும். வாட்ச்மேனுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் ரோட்டுப் பக்கம் கேட்டில், தரையைப் பார்த்தபடி, மஞ்சள் பல்பு ஒன்று.